ஒரு நடைக்கு இரண்டு காரியம்

அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். கொண்டுவந்து கொடுக்கும்வரை வாசலில் நின்று தொப்பியால் விசிறிக்கொண்டிருப்பார். அந்த நேரத்துக்குள், கொடியில் காயும் சேலைகள் எத்தனை பேருடையவை, குசினியில் புதிதாகப் பானை ஏதும் ஏறியிருக்கிறதா, வேலியோரம் நிற்பது யாருடைய மாடு என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு மிச்சத்தைச் செவ்வரத்தைச் செடியின் அடியில் ஊற்றுவார். அதுகூட வீணாகக் கூடாது.

“அந்தாளுக்குத் தாகமில்லைப் பிள்ளை,” என்பார் அம்மா. “கண்ணுக்குத்தான் தாகம்.”

எங்கள் குடியேற்றத் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி அவர். ஆங்கிலப் பதவிப் பெயரைச் சுருக்கி ‘சீ.ஓ. ஐயா’ என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். இன்னும் எங்கேயோ உத்தியோகத்தில் இருப்பார். பெயர் வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் காணியில்லாமல் இருந்தவர்களுக்கு வன்னியில் காடு வெட்டிக் காணி கொடுத்த காலம் அது. பெரிய குளத்தின் கீழே எங்களுக்கும் வயலும் மேட்டுக்காணியும் ஓட்டு வீடும் கிடைத்தன. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் வீடுகள் சேர்ந்து ஒரு ‘வாய்க்கால்’. காணி கிடைத்தவர் அங்கேயே குடியிருக்க வேண்டும். குத்தகைக்கு விடக்கூடாது. காணியில்லாத உறவினரைக் கூட்டிவந்து இருத்தக்கூடாது. இந்தச் சட்டங்களைக் காப்பதுதான் சீ.ஓ. ஐயாவின் வேலை. அப்பா காணிப் பத்திரத்தில் பெருவிரல் பதித்தவர். நான் அந்தக் குடியேற்றத்திலிருந்து எஸ்.எஸ்.சி. பரீட்சையில் சித்தியடைந்த முதல் பெண், எங்கள் பரம்பரையிலேயே எழுத்துப் படித்த முதல் ஆள். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

“ஒருக்கா நடக்கிற நடைக்கு ஒரு காரியம் காணாது” என்பது அவருடைய வார்த்தை. செத்த வீட்டுக்கு வந்தால் திரும்பும்போது வாய்க்கால் மதகுகளைப் பார்த்துக்கொண்டு போவார். கலியாண வீட்டுக்கு வந்தால், மாப்பிள்ளை எந்த ஊர், இனி எங்கே இருக்கப் போகிறார் என்று கேட்காமல் இலையில் கை வைக்கமாட்டார்.

ஒருமுறை எங்கள் வாய்க்காலில் ஒரு பிள்ளைக்குப் பாம்பு கடித்தது. செய்தி போன கையோடு ஜீப்பைக் கொண்டுவந்து, தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வவுனியா ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அவர் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை இல்லை. பின்னேரம் ஜீப் திரும்பி வந்தபோது பின்பக்கம் முழுக்க உர மூட்டைகள். தாயும் பிள்ளையும் அவற்றின் மேல் இருந்து வந்தார்கள்.

“இன்னும் ரெண்டு பேரைக் கடிச்சிருந்தா எங்கட வயலுக்கும் உரம் வந்திருக்கும்,” என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

என்னுடைய பெறுபேறு வந்தபோது அவர் வீட்டுக்கே வந்து ஒரு ஊற்றுப்பேனை தந்தார். “இனி ஞாயிற்றுக்கிழமையளில சனசமூக நிலையத்தில நீர்தான் பேப்பர் வாசிக்க வேணும், ரீச்சர்,” என்றார். இன்னும் ஆசிரியை ஆகாத என்னை ரீச்சர் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். நான் வாசித்தேன். எழுத்துத் தெரியாத ஆண்கள் எல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. சீ.ஓ. ஐயா பின்னால் சுவரோடு சாய்ந்து நிற்பார். சில வாரங்கள் கழித்துத்தான் அப்பா சொன்னார்:

“நீ பேப்பரை வாசிக்கிறாய். அந்தாள் ஆக்களை வாசிக்குது.”

எனக்கு அப்பாமேல் கோபம் வந்தது. படிக்காதவர்களுக்குப் படித்தவர்கள் செய்வதெல்லாம் சூழ்ச்சியாகத் தெரியும் என்று நினைத்தேன். ஆனாலும் அடுத்த ஞாயிறு வாசித்துக்கொண்டிருக்கும்போது இடையிலே தலையை நிமிர்த்திப் பார்த்தேன். அவருடைய கண்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

என் சின்னம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அம்மாவின் தங்கை. காணி கிடைக்காத குடும்பம். எங்களுக்குப் பின்னால் வந்து, குளத்தின் வானுக்குப் பக்கத்தில் குடில் போட்டார்கள். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடும் இடத்தை வான் என்போம். தண்ணீர் ஓடுவதற்கென்று இரண்டு பக்கமும் அரசாங்கம் விட்டுவைத்திருந்த ஒதுக்குக் காணியில் இன்னும் சில குடும்பங்களும் இருந்தன. நல்ல மண். மிளகாயும் மரவள்ளியும் சும்மா எறிந்தாலே வரும். அவர்கள் அங்கே இருப்பது சீ.ஓ. ஐயாவுக்குத் தெரியாமலில்லை. சின்னம்மா வீட்டிலும் அவர் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார்.

ஒரு வருடம் மாரி தொடங்குவதற்கு முன் எங்கள் பள்ளிக்கூடத்தில் பெரிய கூட்டம் ஒன்று நடந்தது. வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று தீர்மானிக்க அரசாங்கத்தின் எல்லாப் பகுதியும் வந்திருந்தது. நீர்ப்பாசனப் பகுதி இஞ்சினியர், மாவட்ட அரசாங்கக் கந்தோரான கச்சேரிப் பக்கத்திலிருந்து வருமான அதிகாரி டி.ஆர்.ஓ., பொலிஸ் இன்ஸ்பெக்டர், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி, கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், எங்கள் ஊர்த் தலைமைக்காரரான விதானையார். தேத்தண்ணீர் கொடுக்கும் சாக்கில் நானும் நின்றேன். அவர்கள் ஆங்கிலத்தில் பேசியது எனக்குப் பெரும்பாலும் விளங்கியது. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, விளங்கியதைக் காட்டிக்கொள்ளவில்லை.

கேட்கக் கேட்க ஒன்று வேடிக்கையாக இருந்தது. இஞ்சினியர் சொன்னால் பொலிஸ் வரும். பொலிஸ் வந்தால் சங்கக்கடை திறக்கும். டி.ஆர்.ஓ. உத்தரவு தந்தால் விதானையார் பறையடிப்பிப்பார். எல்லோரும் ஆயத்தம்தான், இன்னொருவர் தொடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீ.ஓ. ஐயாதான் அந்த முடிச்சை அவிழ்த்தார். குளக்கட்டில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிடுவோம், தண்ணீர் வானில் குறித்த அடையாளத்தைத் தொட்டதும் குளக் காவலாளி அதை அடிக்கட்டும், அந்தச் சத்தம் கேட்டால் ஒருவரும் ஒருவரையும் கேட்காமல் அவரவர் வேலையைத் தொடங்க வேண்டும் என்றார். சனங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். டி.ஆர்.ஓ. மேசையில் தட்டிப் பாராட்டினார். நல்ல யோசனை. இன்றைக்கும் அதில் நான் குறை காணமாட்டேன்.

“ஒருக்கா ஒத்திகை பாத்தால் நல்லது,” என்றார் சீ.ஓ. ஐயா கடைசியில், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டே.

ஒத்திகை நடந்தது நல்ல வெயில் காலையில். தண்டவாளம் அடித்ததும் சனம் முழுக்க வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டது. கோழிகளை ஓலைக்கூடையில் போட்டுக்கொண்டு வந்தவர்கள், அரிசிப் பானையோடு வந்தவர்கள், ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தவர்கள். ஒரு கிழவரின் ஆடு நடக்க மறுத்தபோது பொலிஸ்காரர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“வெள்ளம் எங்கையப்பா?” என்று ஒருவர் கேட்க, “சமைச்சு முடியேல்லையாம், சாப்பிட்டிட்டு வருமாம்,” என்றார் சின்னம்மாவின் புருஷன், என் சித்தப்பா. பள்ளிக்கூட முற்றம் திருவிழாப் போல இருந்தது. சங்கக்கடைக்காரர் கஞ்சி ஊற்றினார்.

காணாமல் போனவர்களைக் கண்டுபிடிக்க இலகு என்று சொல்லி, சீ.ஓ. ஐயா எல்லோரையும் வாய்க்கால் வாய்க்காலாகக் குடும்பத்தோடு நிற்கச் சொன்னார்.

“நாங்கள் எந்த வாய்க்கால் ஐயா?” என்று கேட்டார் சின்னம்மா.

“நீங்கள் இஞ்சால, பாலை மரத்துக்குக் கீழ நில்லுங்கோ தங்கச்சி. உங்களுக்குத்தான் முதல் ஆபத்து. உங்களைத்தான் முதல்ல கவனிக்க வேணும்.”

ஒதுக்குக் காணிக்காரர் எல்லோரும் மரத்தடியில் தனியாக நின்றார்கள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனார். எந்த ஊர், எப்போது வந்தது, ஊரில் காணி இருக்கிறதா என்று அன்பாகக் கேட்டார். சின்னம்மாவின் இடுப்பில் இருந்த பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். “இவ்வளவு பெரிய உத்தியோகத்தர், எவ்வளவு ஆதரவாக் கதைச்சவர்,” என்று சின்னம்மா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த மாதம் முடிவதற்குள் விதானையாரும், ஆட்டைத் தோளில் சுமந்த அதே பொலிஸ்காரரும் வானுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். அடுத்த விதைப்புக்கு முன்னர் எல்லோரும் அந்த நிலத்தை விட்டு எழும்பிவிட வேண்டும் என்றார்கள். எந்தக் குடும்பம் எந்த ஊர், எப்போது வந்தது என்பதெல்லாம் அவர்கள் வாயில் பாடமாக இருந்தது. ஒத்திகையில் தங்கள் வாய்க்காலில் நிற்காமல் போன சில காணிக்காரர்களும், காணியைக் குத்தகைக்கு விட்டதற்காகக் கச்சேரிக்குக் கூப்பிடப்பட்டார்கள்.

அப்பா நேரே அவருடைய கந்தோருக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

“ஐயா, வெள்ளம் எண்டு கூப்பிட்டுப்போட்டு ஆள் பிடிக்கிறது முறையோ?”

அவர் கோபப்படவில்லை. “கமக்காரர், இருங்கோ. அந்த நிலம் வான் பாயிற வழி. பெரிய மாரி ஒண்டு வந்தால் அவை மிஞ்சமாட்டினம். அவையை எழுப்பிறதும் வெள்ளத்துக்கு ஆயத்தம்தான். எல்லாரும் ஒரே இடத்தில வந்து நிண்டவை. கண்டன். கண்டதைக் காணேல்லை எண்டு சொல்லவோ?”

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே வந்ததும் அப்பா துப்பினார். வவுனியா முதலாளி ஒருவர் அந்த இடத்தில் நெல் ஆலை போடக் கேட்டிருக்கிறாராம் என்று சங்கக்கடையில் ஒரு கதை உலாவியது. யார் தொடங்கியது என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் நம்பினார்கள். நானும் பாதி நம்பினேன்.

மாரி அந்த வருடம் பொய்க்கவில்லை. நாள் கணக்காக வானம் திறந்தே கிடந்தது. நெடுங்கேணிப் பக்கம் போகும் பாதை மூடிவிட்டது. ஒரு மத்தியானம் குளக்கட்டிலிருந்து தண்டவாளச் சத்தம் கேட்டது.

எங்கள் வாய்க்காலிலேயே சனம் தயங்கியது. “திரும்பவும் வரிசையில நிக்க விடப் போறார்,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கடைசியில் வயலுக்குள் தண்ணீர் ஏறுவதைக் கண்டபிறகுதான் புறப்பட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாம் சொன்னபடியே நடந்திருந்தது. அப்போதிக்கரி மருந்துப் பெட்டியோடு இருந்தார். சங்கக்கடை அரிசி வந்திருந்தது. பொலிஸ் கயிறுகளோடு நின்றது. ஒருவரும் ஒருவருக்காகவும் காத்திருக்கவில்லை. பாலை மரத்தடியில்தான் ஒருவரும் இல்லை.

சீ.ஓ. ஐயா அந்த வெறும் இடத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா அழுதுகொண்டிருந்தார்.

“தங்கச்சி ஆக்கள் எங்கை?”

“வரமாட்டினம் ஐயா,” என்றார் அப்பா. “பொலிஸ்காரரை அனுப்பினியள். காக்கிச் சட்டையைக் கண்ட உடன கதவைச் சாத்திப்போட்டினமாம்.”

“நான் போறன்.”

“நீங்கள் போகாதேங்கோ. உங்களைக் கண்டால் கட்டாயம் வரமாட்டினம்.”

இத்தனை பேருக்கு முன்னால் அவரிடம் அப்படி ஒருவரும் சொன்னதில்லை. அவர் முகத்தில் மழை வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை.

அப்பாவும் நானும் போனோம். சின்னம்மா என் சொல்லைக் கேட்பார் என்று அம்மா நம்பினார். குளக்கட்டுவரை சீ.ஓ. ஐயாவும் விதானையாரும் எங்களோடு வந்தார்கள். அங்கே நின்ற இஞ்சினியரிடம் சீ.ஓ. ஐயா ஆங்கிலத்தில் கேட்டார், அந்தப் பக்கத்துக் கரை எவ்வளவு நேரம் தாங்கும் என்று. இஞ்சினியர் தலையை ஆட்டினார். பொழுதுபட முன்னம் அந்தக் கரையே இராது, குடிலும் இராது, நிலமும் இராது என்றார். எனக்கு விளங்காது என்று இருவரும் நினைத்திருப்பார்கள்.

குளக்கட்டிலிருந்து இறங்கியபோது தண்ணீர் முழங்காலுக்கு மேலே. வான் கர்ச்சிக்கும் சத்தத்தில், கத்தினால்தான் பக்கத்தில் வந்த அப்பாவின் குரலே கேட்டது. சின்னம்மாவின் குடில் வாசலை மரக்குற்றி ஒன்றால் உள்ளேயிருந்து முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

“சின்னம்மா, நான்தான். வாங்கோ, தண்ணி ஏறுது.”

“ஆர் அனுப்பினது?”

“ஒருத்தரும் அனுப்பேல்லை.”

“அப்ப குளக்கட்டில தொப்பியோட நிக்கிறது ஆர்?”

தட்டி இடுக்கால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சித்தப்பாவின் குரல் வந்தது: “அண்ணை, எங்களுக்கு விளங்காதெண்டு நினைச்சியளோ? நாங்கள் பள்ளிக்கூடத்தில கஞ்சி குடிக்கேக்க அவை இஞ்ச வந்து கூரையைப் பிரிப்பினம். போன முறை பேரைக் கேட்டவை. இந்த முறை வீட்டைக் கேக்கினம்.”

“விசர்க் கதை கதைக்காதை! பிள்ளையளை யோசி!” என்று அப்பா கத்தினார்.

“பிள்ளையளை யோசிச்சுத்தான் அண்ணை. இந்தக் குடிலை விட்டால் அதுகளுக்கு என்ன இருக்கு?”

உள்ளே பிள்ளைகள் உயரத்தில் எதன்மேலோ ஏறி நிற்கும் சத்தம் கேட்டது. சின்னம்மா தட்டிக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னார்: “அவர் வாக்குத் தரட்டும். இந்த நிலத்தில இருந்து எழுப்பமாட்டன் எண்டு விதானையாருக்கு முன்னால சொல்லட்டும். வாறம்.”

மற்றக் குடில்களிலிருந்தும் அதே குரல்கள். அப்பா குளக்கட்டை நோக்கித் திரும்பி, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து அதைக் கத்தினார். அப்படி ஒரு வாக்கைக் கொடுக்க சீ.ஓ. ஐயாவுக்கு அதிகாரம் இல்லை. அது எனக்கும் தெரியும். அவர் தொப்பியைக் கழற்றினார். கட்டின் சரிவில் பாதி இறங்கி வந்து, தொண்டை கிழியக் கத்தினார்:

“இந்த நிலத்தில இருந்து ஒருத்தரையும் எழுப்பமாட்டன்! விதானையார் சாட்சி! வாங்கோ தங்கச்சி!”

மரக்குற்றி விழுந்தது. சின்னம்மா கடைசிப் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாக் குடில்களிலிருந்தும் வந்தார்கள். சரிவில் நின்று பிள்ளைகளை ஒவ்வொன்றாக வாங்கிக் குளக்கட்டில் ஏற்றியது சீ.ஓ. ஐயாதான். அவருடைய வெள்ளைக் காற்சட்டை இடுப்புவரை சேறு. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

இஞ்சினியர் சொன்னதுபோலவே கரை போயிற்று. மழை விட்டபிறகு போய்ப் பார்த்தோம். குடில் நின்ற இடம் எது என்று சித்தப்பாவால்கூடக் காட்ட முடியவில்லை. அங்கே ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் அவரைக் கண்டதும் சின்னம்மா எழுந்து நின்று கேட்டார்: “ஐயா, உங்கட வாக்கு?”

அவர் பல நாட்களாக நித்திரை கொள்ளாதவர்போல் இருந்தார். மெதுவாகச் சொன்னார்: “நான் எழுப்பேல்லைத் தங்கச்சி. தண்ணி எழுப்பிப்போட்டுது.”

அது பகிடியா, ஆறுதலா, கணக்குத் தீர்ப்பதா என்று அவருடைய முகத்திலிருந்து அறிய முடியவில்லை. குளக்கட்டில் நான் கேட்ட ஆங்கிலப் பேச்சை அன்று வீட்டாரிடம் சொன்னேன்.

“அப்ப நிலம் போகும் எண்டு தெரிஞ்சுதான் வாக்குத் தந்தவரோ?” என்று கேட்டார் சின்னம்மா.

“ஓம்.”

“எங்களைக் காப்பாத்தவோ, இல்லாட்டி நிலத்தில இருந்து எங்களைக் கிளப்பவோ?”

“அந்தாளுக்கு ரெண்டும் ஒண்டுதான்,” என்றார் அப்பா.

சின்னம்மா கடைசிப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தார். பிறகு, “பிள்ளையளை வாங்கேக்க அவரின்ர கை நடுங்கினது அக்கா,” என்று அம்மாவிடம் சொன்னார்.

சித்தப்பா குடும்பத்துக்கும் மற்றவர்களுக்கும் காட்டோரம், மேடான இடத்தில், சட்டப்படி காணி வாங்கிக்கொடுத்தவரும் அவர்தான். அதற்காக டி.ஆர்.ஓ.விடம் பலமுறை நடந்ததாக விதானையார் சொன்னார். ஒவ்வொரு நடைக்கும் வேறு என்ன காரியம் இருந்தது என்று சித்தப்பா கேட்டார். வானுக்குப் பக்கத்தில் எந்த ஆலையும் வரவில்லை. வருவதற்கு நிலம் இருக்கவில்லை.

அடுத்த மாரிக்கு முன்னர் மீண்டும் ஒத்திகை வைத்தார்கள். நான் அப்போது ஆசிரியர் கலாசாலைக்குப் போக இருந்தேன். பட்ட பாடு மறக்காததால் சனம் குறையாமல் வந்தது. சின்னம்மா இப்போது சொந்த வாய்க்கால் வரிசையில், புருஷனோடும் பிள்ளைகளோடும் நின்றார். ஆனால் சித்தப்பாவின் தம்பியும் பெண்சாதியும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில வாரங்களாக அவர்களோடு இருந்தார்கள். அவர்களுக்குக் காணியும் இல்லை, போக இடமும் இல்லை. தண்டவாளச் சத்தம் கேட்டதும் சின்னம்மா அவர்களை வீட்டுக்குள் விட்டு வெளியே பூட்டிவிட்டு வந்திருந்தார். அது எனக்குத் தெரியும்.

சீ.ஓ. ஐயா வரிசையாக வந்தார். பின்னால் ஒரு ஓலைக் கடகத்தில் பணிஸ் ரொட்டி வந்தது.

“எல்லாரும் வந்தாச்சோ தங்கச்சி?”

“ஓம் ஐயா. எல்லாரும்.”

சின்னம்மா அவருடைய கண்களைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் ஆளுக்கொரு பணிஸ் கொடுத்தார். கடைசிப் பிள்ளைக்குக் கொடுத்தபிறகு கடகத்துக்குள் மீண்டும் கையை விட்டு இரண்டு பணிஸ் எடுத்து நீட்டினார்.

“இது வீட்டில இருக்கிறவைக்கு.”

“வீட்டில ஒருத்தரும் இல்லை ஐயா.”

அவர் கையை உடனே மடக்கவில்லை. முகத்தில் அதே அன்பான சிரிப்பு. பிறகு இரண்டையும் கடகத்துக்குள் போட்டுவிட்டு அடுத்த குடும்பத்தைப் பார்த்து, “எல்லாரும் வந்தாச்சோ?” என்று கேட்டார்.

அன்று பின்னேர பஸ்ஸில் சின்னம்மா கொழுந்தனையும் அவர் பெண்சாதியையும் ஏற்றி அனுப்பிவிட்டார். எங்கே போவது என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே ஏறியது. அதற்குப் பிறகு வாரக்கணக்காகச் சின்னம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விதானையாரும் வரவில்லை, பொலிஸ்காரரும் வரவில்லை. தண்ணீர் கேட்டுக்கொண்டு அவரும் வரவில்லை.